வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரிக்க எதைப் போடலாம்?

வாசகர் கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மாமனாருக்கு 74 வயது. காது கொஞ்சம் மந்தம், ஒரு காதில் கருவி வைத்திருக்கிறார். தமிழ் நன்றாக வாசிப்பார், மலாய் பேசினால் புரியும், ஆங்கிலம் சுமார். மகன் படிவம் 2, மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கணவருக்குப் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை என்பதால் சனிக்கிழமை இரவுதான் எல்லாரும் வீட்டில் இருப்போம். ஆளுக்கொரு போனோடு உட்காராமல் சேர்ந்து சிரிக்கலாமே என்று ஊரெல்லாம் புகழும் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைப் போட்டோம். மூன்றாவது அத்தியாயத்தில் மாமனார் தூங்கிவிட்டார். மகன் சப்டைட்டிலைப் படித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் சிரிக்கிறான், மகள் "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எதைப் பார்ப்பது, எங்கிருந்து தொடங்குவது? சத்தத்துக்கு என்ன செய்வது? பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் பார்க்கவும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில் (சப்டைட்டில் தொகுப்பாளர்):

வணக்கம் சகோதரி,

'ஃப்ரெண்ட்ஸ்' மேல் பழி போடாதீர்கள். உங்கள் வீட்டு ஹாலுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். 1994-இல் வந்த முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி கல்யாண உடுப்போடு மணமேடையை விட்டு ஓடி வருகிறாள். இன்னொருவனின் மனைவி அவனை விட்டுவிட்டு ஒரு பெண்ணோடு வாழப் போயிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை கேள்வி கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தொடரில் முக்கால்வாசிச் சிரிப்பு பேச்சில் இருப்பது. அதில் வரும் சாண்ட்லர் எந்த வார்த்தையை அழுத்திச் சொல்கிறான் என்பதில்தான் வேடிக்கையே. காது மந்தமானவருக்கு அந்த அழுத்தம் கேட்காது, சப்டைட்டிலிலும் அது வராது.

ஒரு நகைச்சுவைத் தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு பிரபலம் என்று பார்க்காதீர்கள். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடம்பிலிருந்து வரலாம்: தடுக்கி விழுவது, முழிப்பது, மாட்டிக்கொள்வது. சூழ்நிலையிலிருந்து வரலாம்: சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்வது. சொல்லிலிருந்து வரலாம்: சிலேடை, குத்தல், இழுவை. மூன்று தலைமுறையும் மூன்று மொழியும் ஒரே சோபாவில் உட்காரும்போது முதலில் சாவது சொல் வேடிக்கை. உடம்பு வேடிக்கைக்கு மொழியே வேண்டாம். சூழ்நிலை வேடிக்கைக்குக் கதையின் முடிச்சு புரிந்தால் போதும், பாதி வசனம் தவறினாலும் மீதி வண்டி ஓடும்.

உங்கள் மகன் முன்னாடியே சிரிப்பதற்குக் காரணம் அவனல்ல. சப்டைட்டில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் இரண்டு வரி வரும். நெட்ஃபிளிக்ஸ் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் விதிப்படி வரிக்கு 42 எழுத்து, திரையில் நிற்பது அதிகபட்சம் 7 விநாடி. கண் வாசிக்கும் வேகம் வாய் பேசும் வேகத்தைவிட அதிகம். ஒருவர் விருந்து வீட்டில் சொல்கிறார் என்று வையுங்கள்: "உங்கள் கைப்பக்குவத்தை நான் மறக்கவே மாட்டேன்." கொஞ்சம் நிறுத்துகிறார். வீட்டுக்காரி பூரிக்கிறாள். பிறகு, "என் டாக்டரும் மறக்க மாட்டார்." நல்ல சப்டைட்டில்காரர் இதை இரண்டாக வெட்டி, இரண்டாவது வரியை அந்த நிறுத்தம் முடிந்த பிறகே விடுவார். அவசரத்தில் செய்தவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுவார். அப்போது வீட்டுக்காரியின் முகம் மலர்வதற்குள் உங்கள் மகன் சிரித்து முடித்திருப்பான். சனிக்கிழமைக்கு முன்பே நீங்கள் மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நடிகர் வாய் திறக்குமுன் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அந்தச் சப்டைட்டில் சரியில்லை. ஆங்கிலத்துக்குப் பதில் மலாய் சப்டைட்டிலை மாற்றிப் பாருங்கள். அதை வேறொருவர் செய்திருப்பார், வெட்டும் இடமும் வேறாக இருக்கலாம்.

ஆகவே முதல் இரண்டு மூன்று சனிக்கிழமைக்குச் சப்டைட்டிலே தேவையில்லாத ஒன்றை எடுங்கள். 'மிஸ்டர் பீன்'. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஒதுக்காதீர்கள். உங்கள் மகளுக்குக் கார்ட்டூன் வடிவம்தான் தெரிந்திருக்கும். ரோவன் அட்கின்சன் நேரில் நடித்த தொடர் 1990 முதல் 1995 வரை வந்தது, மொத்தமே 15 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். முதல் அத்தியாயத்தில் பரீட்சை மண்டபம், கடற்கரையில் காற்சட்டைக்கு மேலேயே நீச்சல் உடையை மாற்றப் படும் பாடு, தேவாலயத்தில் தூக்கத்தோடு போராட்டம் என்று மூன்று துண்டுகள். தேவாலயத் துண்டை மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். பாட்டு வரிகள் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு, 'அல்லேலூயா' வரும்போது மட்டும் தொண்டை கிழியப் பாடுகிறான். திருமுறை ஓதும் இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்களை அவரும் பார்த்திருப்பார். பல் டாக்டரிடம் போகிற வழியில் காரை ஓட்டிக்கொண்டே உடுத்தி, பல் துலக்கும் அத்தியாயம் 1992-இல் வந்தது, அதையும் விடாதீர்கள். ஒரே மூச்சில் மூன்று நான்கு போட வேண்டாம். உடம்பு வேடிக்கை ஒரே ஆளின் மேல் நிற்பதால் இரண்டாவது அத்தியாயத்துக்குள் அலுக்கத் தொடங்கும். அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் காட்சிகள் நிறையவே இருக்கின்றன, இதற்கென்று சந்தா கட்ட வேண்டாம்.

அடுத்தது தமிழ். இங்கே என் முதல் தேர்வு 'தலைவெட்டியான் பாளையம்', பிரைம் வீடியோவில் 2024 செப்டம்பரில் வந்தது, எட்டு அத்தியாயம். சென்னையில் இன்ஜினியரிங் படித்த பையன் வேறு வேலை கிடைக்காமல் திருநெல்வேலிப் பக்கத்து ஒதுக்குக் கிராமத்தில் பஞ்சாயத்துச் செயலாளராகப் போய்ச் சேர்கிறான். 2020-இல் வந்த 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம் இது. அந்தக் கதையின் பலமே முடிச்சுகள் சின்னதாக இருப்பதுதான். இந்தி மூலத்தில் செயலாளர் வாங்கிவந்த ஒரு சுழல் நாற்காலியை வைத்தே ஓர் அத்தியாயத்தை ஓட்டிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவியின் கணவர் உட்காரும் நாற்காலியைவிட இவன் நாற்காலி ஒசத்தி, அதுதான் பிரச்சினை. கோயில் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நாற்காலிச் சண்டை பார்த்த மாமனாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு நெல்லைப் பேச்சு அங்கங்கே பிடிபடாமல் போகும். போகட்டும். அப்போது தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத் தொடர் ஓடும்போது அவர்தான் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இங்கே மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். தூக்கம் வராமலிருக்க இதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

இதில் நடிக்கும் சேத்தன், தேவதர்ஷினி இருவரும், இயக்குநர் நாகாவும் 1990களில் 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' தொடரில் சேர்ந்து வேலை செய்தவர்கள். எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். அது நகைச்சுவை இல்லை, ஆனால் படிவம் 2 பையனும் தாத்தாவும் சேர்ந்து பயப்பட நல்ல தொடர். மகளை அன்று சீக்கிரம் தூங்க வைத்துவிடுங்கள். நாகாவின் கைவண்ணம் பிடித்துவிட்டால் 'ரமணி வெர்சஸ் ரமணி'யையும் தேடிப் பாருங்கள். படப்பிடிப்பு பழசாகத் தெரியும், கணவன் மனைவி வாக்குவாதம் பழசாகவில்லை.

'லொள்ளு சபா' வேண்டுமா என்று கணவர் கேட்பார். தாராளமாக, ஆனால் பிள்ளைகளோடு வேண்டாம். மூலப் படத்தைப் பார்த்திருந்தால்தான் கிண்டல் புரியும். உங்கள் மகன் அந்தப் படங்களில் முக்கால்வாசியைப் பார்த்திருக்க மாட்டான். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபிக்காகவே சில அத்தியாயங்களைப் பார்க்கலாம். மற்றபடி எல்லாரும் கத்திக்கொண்டே பேசுவதால் காதுக் கருவி போட்டவருக்கு அது தொல்லை.

நம் மலேசியச் சரக்கை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. மலாய் உங்கள் வீட்டில் நால்வருக்குத் தெரியும், மாமனாருக்கும் கேட்டால் புரியும் என்கிறீர்கள். அப்படியானால் சப்டைட்டில் தொல்லை அடியோடு போய்விடும். டிவி3-இல் 1985-இல் தொடங்கிய 'பி மாய் பி மாய் தாங் து' அடுக்குமாடி வீட்டில் பல இனத்தாரும் அண்டை அயலாக வாழும் கதை, தலைப்பே நம் வட மாநிலப் பேச்சுவழக்கில் இருக்கும். 'கோப்பித்தியாம்' 1998-இல் என்டிவி7-இல் தொடங்கியது, மானோ மணியம் அதில் நடித்தார். ஆங்கிலம்தான், ஆனால் நம் ஊர் ஆங்கிலம். சிங்கப்பூரின் 'புவா சூ காங்' (1997 முதல் 2007 வரை) மகனுக்குப் பிடிக்கும்: மஞ்சள் பூட்ஸ் போட்ட வீட்டுக் கான்ட்ராக்டராக குர்மித் சிங். அவர் பேசும் ஆங்கிலம் எவ்வளவு பிரபலமானது என்றால், 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங் அந்தப் பாத்திரம் ஆங்கில வகுப்புக்குப் போகவேண்டும் என்றே சொன்னார்.

பினாங்குக்காரரான பி. ரம்லியை (பிறப்பு 1929) மாமனாருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர், அதை மாமனாரிடம் கேட்டால் பத்து நிமிடம் பேசுவார். நகைச்சுவைக்கு 'செனிமான் பூஜாங் லாப்போக்' (1961) எடுங்கள். மூன்று நண்பர்கள் நடிகராகச் சேர ஸ்டுடியோ வாசலுக்குப் போகும் கதை. இது தொடர் அல்ல, முழுநீளப் படம். ஆகவே பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் மீதியைப் பாருங்கள். மகளுக்காக நம் கேலிச்சித்திரக்காரர் லாட் உருவாக்கிய 'கம்போங் பாய்' கார்ட்டூன் தொடர் 26 அத்தியாயம் இருக்கிறது. அதில் 'ஓ! தோக்' என்ற அத்தியாயம் 1999-இல் பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் பரிசு பெற்றது.

மகனுக்கு ஒரு பெரியவர்கள் தொடரின் ருசியைக் காட்ட விரும்பினால் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, ஆகப் பன்னிரண்டே அத்தியாயம். முதலிலிருந்து போகாதீர்கள். இரண்டாம் வரிசையின் முதல் அத்தியாயமான 'கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்' போடுங்கள். ஹோட்டல்காரன் பாசில் மனைவிக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் 75 பவுன் ஜெயித்துவிடுகிறான். பணத்தை ஒளிக்க வேண்டும். அதே நாள் ஒரு கிழவி தன் 85 பவுனைக் காணோம் என்கிறாள். வேலைக்காரன் மானுவலிடம் "உனக்கு எதுவும் தெரியாது" என்று பாசில் சொல்லிவைத்தது பிறகு பாசில் தலையிலேயே விடிகிறது. சூழ்நிலை வேடிக்கை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. முதல் பத்து நிமிடத்தில் வைத்த ஒவ்வொரு சாமானும் கடைசி ஐந்து நிமிடத்தில் வெடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கிழவிக்கும் காது கேட்காது, பேட்டரி தீர்ந்துவிடும் என்று கருவியை அணைத்தே வைத்திருப்பாள். மாமனார் தன் காதைப் பற்றித் தானே கேலி பேசுகிறவர் என்றால் எல்லாரையும்விட அவர்தான் அதிகம் சிரிப்பார். கூச்சப்படுகிறவர் என்றால் இதை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயமான 'பாசில் த ராட்' போடுங்கள். 'த ஜெர்மன்ஸ்' அத்தியாயத்தில் கிழட்டு மேஜர் இனத்தை இழிக்கும் சொற்கள் பேசுகிறார். மகன் முன்னால் போடுவதென்றால் முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். வால்யூமைக் கூட்டினால் தீராது. மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கிறது, பேச்சு சுவரில் பட்டுத்தான் காதுக்கு வருகிறது. 5.1 எனப்படும் ஆறு சேனல் ஒலித்தடத்தில் பேச்சுக்கென்று நடுவில் தனிச் சேனல் உண்டு. உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், ஆகவே பேச்சும் பின்னணி இசையும் ஒன்றாகக் கலந்து பேச்சு அமுங்கிவிடுகிறது. தொடரின் ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ அல்லது 2.0 (இரண்டே சேனல்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'தெளிவான குரல்' மாதிரி ஏதாவது பெயரில் ஒரு தெரிவு இருக்கும், அதைப் போட்டு, 'Bass' எனப்படும் கனத்த அடி ஒலியைக் குறையுங்கள். தலைக்கு மேலே ஓடும் காற்றாடியை ஒரு எண் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். டைல் தரை எதிரொலிக்கும், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு பாய் விரியுங்கள். மாமனாரின் நாற்காலியை டிவிக்கு அருகே, கருவி இருக்கும் காது திரைப்பக்கம் வரும்படி போடுங்கள்.

புளூடூத் ஹெட்போன் வாங்கித் தரலாமா என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில் தவறும். பல டிவிகளில் ஹெட்போன் இணைந்ததும் ஸ்பீக்கர் அடங்கிவிடும், மற்றவர்களுக்குச் சத்தமே இருக்காது. சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் உதடும் பேச்சும் ஒட்டாது. உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறவருக்கு அது இருக்கும் உதவியையும் பறித்துவிடும். அவருடைய கருவி என்ன மாடல் என்று பார்த்து, அதே நிறுவனத்தின் டிவி இணைப்புக் கருவி கிடைக்குமா என்று கருவி வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

சிரிப்பொலி வைத்த தொடர்கள் இன்னொரு தொல்லை. 1951-இல் 'ஐ லவ் லூசி'யை மூன்று கேமரா வைத்து, எதிரே ரசிகர்களை உட்காரவைத்து எடுத்தார்கள். பிறகு சார்ல்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்பைப் பெட்டியிலிருந்து விடும் முறையைக் கொண்டுவந்தார். நேரடி ரசிகர் முன் நடிப்பவர் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருப்பார். பின்னால் ஒட்டிய சிரிப்பு பல நேரம் அடுத்த வசனத்தின் தலையை மூடிவிடும். நல்ல காதுக்கு அது தெரியாது, மந்தமான காதுக்கு அந்த வசனமே போய்விடும். சந்தேகம் இருந்தால் சிரிப்பொலி இல்லாத தொடரையே எடுங்கள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு சொல் வேடிக்கைக்கு நேரம். அரசாங்க அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்காக அலைந்தவர்களுக்கு 'யெஸ் மினிஸ்டர்' (1980) தேன். செயலாளர் ஹம்ப்ரியின் நீளமான வாக்கியங்களே வேடிக்கை, ஆகவே ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க 'ஆபீஸ்' பார்ப்பதென்றால் 2005-இல் வந்த முதல் பருவத்தின் ஆறு அத்தியாயங்களையும் தாண்டி இரண்டாம் பருவத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பருவத்தின் முதல் அத்தியாயம் 2001-இல் வந்த பிரிட்டிஷ் தொடரை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்தது, சொந்தக் குரல் பிறகுதான் வந்தது. 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' எதிர் வீட்டிலேயே குடியிருக்கும் மாமியார் கதவைத் தட்டாமல் உள்ளே வருவதைப் பற்றி 210 அத்தியாயம் எடுத்தது. மாமனார் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது.

ஒரு வாரம் யாருக்கும் சிரிக்க மனமில்லை என்றால் 'ப்ளானட் எர்த் 2' (2016), முதல் அத்தியாயம் தீவுகள் பற்றியது. அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த இகுவானா என்ற பெரிய ஓணான் வகைக் குஞ்சைப் பாம்புக் கூட்டம் துரத்தும் சில நிமிடத்துக்கு ஐந்து பேரும் மூச்சுவிட மாட்டீர்கள்.

சந்தாவை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். தொடர்கள் உரிமம் முடிந்து ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பெயரைத் தேடி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'தலைவெட்டியான் பாளையம்' சனிக்கு இரண்டு வீதம் நான்கு வாரத்தில் முடியும், ஒரு மாதச் சந்தா போதும். அடுத்த அத்தியாயம் தானாக ஓடும் தெரிவை அமைப்பில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் "இன்னும் ஒண்ணு" என்ற சண்டை பத்தரை மணிக்குத் தொடங்கும்.